சாலை முந்தியா, வீடு முந்தியா?

எங்கள் தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வீடுகள் கொஞ்சம் குள்ளமாகிவிடும். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு கொட்டி உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் வீடு கட்டிய புதிதில் வாசலுக்கு மூன்று படி ஏற வேண்டும், இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் ஒரு படி இறங்குகிறோம். எதிர்வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வருடம் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றரை அடி தூக்கிவிட்டார். சுவர் அடியெல்லாம் வரிசையாக ஜாக்கி, ஒருவர் குரல் கொடுக்க எல்லா ஆட்களும் ஒரே சமயத்தில் கால் சுற்று திருக, வீடு நூல் நூலாக மேலே போனதைத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. பார்த்த எல்லோரும் அன்று ராத்திரி அவரவர் வீட்டு வாசலை ஒரு தடவை அளந்திருப்பார்கள், நானும் அளந்தேன்.

எங்களுடையது சென்னையின் தென்புறநகர். இங்கே எது எந்த வரிசையில் வந்தது என்று யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதலில் வயல், பிறகு கல் நட்ட மனைகள். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு, வீட்டுக்கு வீடு ஒரு போர்வெல், ஒரு செப்டிக் டேங்க். பிறகு கரன்ட் கம்பம், பிறகு தார், பிறகு தண்ணீர் லாரி, அதன் பின்னாலேயே கழிவுநீர் லாரி. மழைநீர் வடிகால் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தது, அதுவும் சில வீடுகளின் வாசலைவிட உயரத்தில். பாதாளச் சாக்கடைக்கு இப்போதுதான், போட்ட தாரை உடைத்துத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். பஸ் இன்னும் வரவில்லை.

நீடித்த நகர வளர்ச்சி, நகரத் திட்டமிடல் என்று கருத்தரங்குகளில் பெரிய பெரிய சொற்களில் பேசுகிறார்களே, அது என்ன என்று புதிதாக யாராவது கேட்டால் நான் இந்த வரிசையைத்தான் சொல்வேன். இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் அதுதான் நகரத் திட்டம். சாலைக்கும் சாக்கடைக்கும் பூங்காவுக்கும் இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துவைத்துவிட்டு, பஸ் எந்த வழியாகப் போகும் என்று கோடு போட்டுவிட்டு, அப்புறம் வீடு கட்ட விடுவது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! உலகத்தில் பெரும்பாலான நகரங்களால் இது முடியவில்லை.

இது இப்போது ஏன் அவசரம் என்றால், கணக்கு அப்படி. 1950இல் உலக மக்களில் பத்துப் பேரில் மூன்று பேர்தான் நகரவாசிகள். ஐ.நா. 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அது 55 சதவீதமாகிவிட்டது, 2050இல் 68 சதவீதமாகும் என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். கூடுதலாக வரப்போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், அதாவது காசு குறைவாக இருக்கும் நகரங்களில். அவர்களுக்கான வீடுகள் பலவும் இன்னும் கட்டப்படவே இல்லை. எனவே வரிசையைச் சரிசெய்ய இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நெருக்கம் வேறு, நெரிசல் வேறு

உள்ளே போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நகரம் என்றாலே ‘ஐயோ ஜனநெருக்கடி’ என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஒரு ஏக்கரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒன்று, ஒரு அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவது அடர்த்தி, இரண்டாவதுதான் நெரிசல். ஆறு மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் ஏக்கருக்கு நிறையப் பேர் இருப்பார்கள், ஆனால் வீட்டுக்குள் தாராளமாக இருப்பார்கள். தகரக் கொட்டகைகள் இருக்கும் இடத்தில் மாடியே இருக்காது, ஒரு அறையில் ஏழு பேர்.

அடர்த்தி ஏன் முக்கியம் என்று புரியவைக்கத் திட்டமிடல்காரர்கள் எப்போதும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வார்கள்: ஸ்பெயினின் பார்சிலோனா, அமெரிக்காவின் அட்லாண்டா. 1990இல் பார்சிலோனாவில் 28 லட்சம் பேர், அட்லாண்டாவில் 25 லட்சம். கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் பார்சிலோனாவின் கட்டப்பட்ட பரப்பு 162 சதுர கிலோமீட்டர், அட்லாண்டாவினுடையது 4,280. இருபத்தாறு மடங்கு! பார்சிலோனாவில் பெரும்பாலானவர்கள் ஒரு மெட்ரோ நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். அதே வசதியை அட்லாண்டாக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சுமார் 3,400 கிலோமீட்டர் மெட்ரோ பாதை போட வேண்டியிருக்கும் என்று அலென் பெர்டோ என்ற நகரவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். எந்த அரசாங்கத்தாலும் நடக்காத காரியம். ஆக, ஊர் எப்படிப் பரவியது என்பதே அங்கே பஸ் ஓடுமா, ரயில் ஓடுமா, கார் இல்லாமல் பிழைக்க முடியுமா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த முடிவை மாற்றுவது கஷ்டம்.

பணம் கொட்டிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஹூஸ்டனில் கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை 2008இல் சில இடங்களில் 26 தடம் வரும்படி அகலப்படுத்தினார்கள், அணுகுசாலைகளையும் சேர்த்து. சில வருடத்தில் உச்ச நேரப் பயணம் முன்பைவிட நீண்டுவிட்டது. சாலை அகலமானதும் இன்னும் தள்ளிப் போய் வீடு வாங்கலாம் என்று ஜனங்கள் நினைப்பார்கள், வாங்குவார்கள், அவர்களும் அதே சாலைக்கு வருவார்கள். நம் ஊரில் மேம்பாலம் திறந்த ஆறாவது மாதம் மேம்பாலத்தின் மேலேயே நிற்கிறோமே, அதே சங்கதிதான்.

முன்கூட்டியே கோடு போட்டவர்கள்

1811இல் நியூயார்க்கின் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைவு. ஊர் முழுக்க மன்ஹாட்டன் தீவின் தென்முனையில் ஒட்டிக்கொண்டிருந்தது, வடக்கே பண்ணையும் பாறையும் குட்டையும். அந்தச் சமயத்தில் மூன்று ஆணையர்கள் சேர்ந்து 155ஆவது தெரு வரைக்கும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். சீனாவுக்கு இந்தப் பக்கம் வேறெந்த இடத்திலும் இல்லாத அளவு ஜனங்களுக்கு நாங்கள் இடம் ஒதுக்குகிறோம், இதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம் என்று அவர்களே தங்கள் அறிக்கையில் எழுதினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோடுகள் பெரும்பாலும் தெருக்களாகிவிட்டன. குதிரை வண்டிக்காகப் போட்ட அதே கோட்டில்தான் பிறகு டிராம், சாக்கடை, தண்ணீர்க் குழாய், சுரங்க ரயில் எல்லாம் போனது.

ஒன்றை மட்டும் அவர்கள் கோட்டை விட்டார்கள், போதுமான திறந்தவெளி. சென்ட்ரல் பார்க் அந்த வரைபடத்தில் கிடையாது. 1850களில் நகரம் மூச்சு முட்டியபோது நிலத்தை விலை கொடுத்து எடுத்தார்கள், அங்கே சொந்த நிலம் வாங்கி வாழ்ந்துகொண்டிருந்த கறுப்பின மக்களின் செனெகா வில்லேஜ் என்ற குடியிருப்பை அகற்றிவிட்டுத்தான் பூங்கா வந்தது. முதலில் ஒதுக்காததைப் பிறகு ஒதுக்கினால் அதன் விலையை யாரோ ஓர் ஏழைதான் கட்டுவார்.

பார்சிலோனாவின் கதையில் இன்னொரு பாடம். பழைய நகரம் மதில்களுக்குள் அடைபட்டு, காலராவில் செத்துக்கொண்டிருந்தது. 1854இல் மதிலை இடிக்க ஆரம்பித்தார்கள். வெளியே இருந்த வெற்று நிலத்துக்கு இல்டஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் போட்ட திட்டத்துக்கு 1859இல் ஒப்புதல் கிடைத்தது. அவர் பழைய நகரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள், எத்தனை வயதில் சாகிறார்கள் என்றெல்லாம் கணக்கெடுத்த மனிதர். 113 மீட்டர் பக்கமுள்ள சதுரக் கட்டங்கள், 20 மீட்டர் தெருக்கள், ஒவ்வொரு கட்டத்தின் மூலையும் வெட்டிவிடப்பட்டிருக்கும், வண்டி திரும்ப. கட்டத்தின் இரண்டு பக்கம்தான் கட்டடம், நடுவில் தோட்டம் என்றும் எழுதிவைத்தார். தெருக்கள் அவர் சொன்னபடியே வந்தன. தோட்டங்களை மனை வியாபாரிகள் விழுங்கிவிட்டார்கள், நாலு பக்கமும் கட்டி நடுவையும் நிரப்பினார்கள். இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது என்னவென்றால், தெரு என்று குறித்துவிட்டால் அது பிழைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது வேண்டும். பூங்காவுக்கு அப்படி ஒரு காவல் இல்லை. (நம் மனைப்பிரிவுகளிலும் ‘பூங்காவுக்கு’ என்று போட்ட இடம் என்ன ஆகிறது என்று உங்களுக்கே தெரியும். முதலில் ஒரு பிள்ளையார் வருவார். அவரைத் தொடர்ந்து மற்றவர்கள் வருவார்கள்.)

ரொம்பவும் திட்டமிட்டுக் கெட்டுப்போன ஊர்களும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் தப்பு. பிரேசிலின் பிரசீலியா வெற்று நிலத்தில் எழுந்து 1960இல் தலைநகராகத் திறக்கப்பட்டது. எங்கே கடை, எங்கே வங்கி, எங்கே ஓட்டல் என்று சகலமும் வகுக்கப்பட்டிருந்தது, அந்த நகரத்தைக் கட்டிய கூலிக்காரர்கள் எங்கே வசிப்பார்கள் என்பதைத் தவிர. அவர்கள் வெகு தூரத்துத் துணை நகரங்களுக்குப் போனார்கள். எலும்பை மட்டும் வரைந்துவிட்டுச் சதையை ஜனங்களிடம் விட்டுவிடுவதுதான் நல்லது என்பது என் கட்சி.

நிலம் யாருடையது?

சரி, கோடு போடுவது இருக்கட்டும், அந்தக் கோடு யாரோ ஒருவருடைய பட்டா நிலத்தின் நடுவில் போகுமே, அவர் சும்மா விடுவாரா? நியாயமான கேள்வி. நம் ஊரில் பல திட்டங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன. நிலம் கையகப்படுத்துகிறோம் என்று சொன்ன மறுநாள் கோர்ட்டு, இருபது வருடம் வழக்கு.

இதற்கு உலகத்தில் பல இடங்களில் ஒரு கெட்டிக்கார வழி வைத்திருக்கிறார்கள்: எல்லோர் நிலத்தையும் ஒன்றாகச் சேர்த்து, பொதுத் தேவைக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு, மிச்சத்தை அவரவருக்கே திருப்பிக் கொடுப்பது. ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டுக்காக 1902இல் இதற்கு ஒரு சட்டம் வந்தது. டோக்கியோவை 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு இப்படித்தான் சீரமைத்தார்கள். இந்தியாவில் 1915ஆம் வருடத்துப் பம்பாய்ச் சட்டத்தில் தொடங்கி இன்றுவரை குஜராத்தில் நடக்கிறது, அகமதாபாத்தின் 76 கிலோமீட்டர் சுற்றுச்சாலைக்கு நிலத்தில் பெரும்பகுதி இந்த வழியில் கிடைத்ததுதான். நிலச் சேர்ப்பு, நில மறுசீரமைப்பு என்று பல பெயர்.

பேச்சுக்கு ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு பெரியவருக்கு ஊருக்கு வெளியே 200 சென்ட் நிலம். ஒல்லியான நீளத் துண்டு, முன்னாலும் பின்னாலும் அடுத்தவர் நிலம், வண்டி போகப் பாதை கிடையாது. சென்ட் ஒரு லட்சம் என்று வைத்தால் மொத்தம் இரண்டு கோடி, அதுவும் வாங்க ஆள் கிடைத்தால். இப்போது அந்த வட்டாரத்து நிலங்களையெல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். சாலைக்கு 15 சதவீதம், பூங்காவுக்கு 5, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு 5, பிறகு ஏலம் விட்டு அந்தப் பணத்தில் சாலையும் குழாயும் போடுவதற்காக 15 என்று கழிக்கிறார்கள். இவை குஜராத் சட்டத்தில் இருக்கிற அளவுகள். மிச்சத்தை ஒழுங்கான சதுரங்களாக வெட்டி, கூடியவரை அவரவருக்குப் பழைய இடத்துப் பக்கமாகவே திருப்பிக் கொடுக்கிறார்கள். பெரியவருக்குக் கிடைப்பது 120 சென்ட். ஆனால் சாலைமேல் இருக்கிற 120 சென்ட். சென்ட் மூன்று லட்சத்துக்குப் போனால் மூன்று கோடியே அறுபது லட்சம். கூடின மதிப்பில் ஒரு பங்கை நகரமும் வசூலித்துக்கொள்ளும். யாரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை, அரசாங்கம் கஜானாவிலிருந்து பெரிதாக எடுக்கவும் இல்லை. குறை இல்லாமலில்லை. ஒவ்வொரு திட்டமும் முடியப் பல வருடம் இழுக்கும், பத்து சென்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு நாற்பது சதவீதம் பெரிய அடி, நிலமே இல்லாத குத்தகைக்காரருக்கு ஒன்றும் கிடையாது. ஆனாலும் கோர்ட்டில் இருபது வருடம் கிடப்பதற்கு இது மேல்.

இவ்வளவுகூடத் தேவையில்லை, பெரிய சாலைகளுக்கு மட்டும் இடம் பிடித்துவைத்தாலே போதும் என்கிறது இன்னொரு கூட்டம். எத்தியோப்பியாவில் பஹிர்தார், ஹவாசா, அடாமா, மெகெலே ஆகிய நகரங்களில் ஊருக்கு வெளியே, கிலோமீட்டருக்கு ஒன்றாக 30 மீட்டர் அகலச் சாலைகளுக்கு முன்கூட்டியே இடம் குறிக்கச் சொல்லி ஷ்லோமோ ஏஞ்சல் என்ற நியூயார்க் பேராசிரியரின் குழு உதவியது. தார்கூட வேண்டாம், கல் நட்டுக் காப்பாற்றினால் போதும், பஸ்ஸும் பெரிய குழாயும் என்றைக்காவது அதில் போகலாம்.

வில்லிவாக்கத்தில் நடந்தது

இந்த விஷயத்தில் சென்னைக்கு உலக அளவில் ஒரு சின்னப் பெயர் உண்டு, நமக்குத்தான் அது தெரியாது. 1970களின் இறுதியில் உலக வங்கிக் கடனில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் வசதியும் என்ற திட்டம் வந்தது. வீட்டு வசதி என்றால் அரசாங்கம் அடுக்குமாடி கட்டிக் கொடுக்கும் என்று நினைக்கிறோம் இல்லையா, இதில் வீட்டைக் கட்டித் தரவில்லை. தெரு, குழாய், சாக்கடை, தெருவிளக்கு, பள்ளிக்கு இடம், எல்லாம் போட்டுவிட்டுச் சின்னச் சின்ன மனையாக ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுத்தார்கள். வீட்டை அவர்களே கையில் காசு வரும்போது கட்டிக்கொள்ளட்டும், முதலில் ஓர் அறை, மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஒரு மாடி. பக்கத்திலேயே பெரிய மனைகளைக் கூடுதல் விலைக்கு விற்று அதில் வந்த லாபத்தைச் சின்ன மனைகளின் பக்கம் திருப்பினார்கள்.

ஆரம்பத்தில் இதைத் தோல்வி என்றார்கள். ஊருக்கு வெளியே இருக்கிறது, மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஏழைகள் விற்றுவிட்டுப் போய்விடுவார்கள் என்று பேச்சு. உலக வங்கியும் மெல்ல இதிலிருந்து ஒதுங்கிவிட்டது. இருபது வருடத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து பார்த்தபோது அந்த இடங்கள் நிறைந்து, மாடி ஏறி, பல வருமானக்காரர்களும் கலந்து வாழும் நல்ல பகுதிகளாக மாறியிருந்தன. தான்சானியாவிலும் அதே காலத்தில் ஏழு நகரங்களில் இந்தத் திட்டம் நடந்தது, சில இடங்களில் வெற்று நிலத்தில் முதலிலிருந்து, சில இடங்களில் ஏற்கெனவே குடிசைகள் இருந்த இடத்தில் பிறகு சாலையும் குழாயும் கொடுத்து. பல பத்தாண்டு கழித்து ஒப்பிட்டால், முதலில் தெரு போட்ட இடங்களில் வீடுகள் பெரிதாக, தரமாக, வரிசையாக இருந்தன. வீடு கட்டியவர்களுக்கு நாளைக்கு யாரும் வந்து இடிக்க மாட்டார்கள், பைப்பு வரும் என்று முன்பே தெரிந்திருக்கிறது, அதனால் தைரியமாகச் செலவழித்திருக்கிறார்கள்.

ஒரு வார இறுதியில் மாறிய தெரு

இந்த வரிசை விஷயத்தைத் துணிந்து செய்துகாட்டிய ஊர் என்று எல்லோரும் சொல்வது பிரேசிலின் தென்பகுதியில் உள்ள குரிச்சிபாவைத்தான். 1970இல் அங்கே சுமார் 6 லட்சம் பேர். பண்ணைகளில் வேலை இழந்தவர்கள் சாரை சாரையாக வந்துகொண்டிருந்தார்கள். 2022 கணக்கெடுப்பில் 17 லட்சத்து 73 ஆயிரம். வளர்ச்சியை அவர்கள் தடுக்கவில்லை, எந்தப் பக்கம் வளர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நகர மையத்திலிருந்து கைவிரல்கள் மாதிரி ஐந்து பெருவழிகள். ஒவ்வொரு வழியிலும் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் தனிப் பாதை, அதன் இரு ஓரத்திலும் கடைகளுக்குப் போகிற மெதுவான வண்டிகளுக்குத் தடம், ஒரு தெரு தள்ளி இரண்டு பக்கமும் வேகமாகப் போகிற ஒருவழிச் சாலைகள். உயரமான கட்டடம் கட்ட வேண்டுமா, இந்த வழிகளின் ஓரத்தில் கட்டிக்கொள், தள்ளிப் போகப் போக மாடி குறைய வேண்டும் என்று விதி. ஆக பஸ் எங்கேயோ அங்கே ஜனம், ஜனம் எங்கேயோ அங்கே பஸ். 1974இல் முதல் விரைவு பஸ்கள் ஓடத் தொடங்கின. மெட்ரோ கட்டப் பணம் இல்லாத ஊர் அது, அதனால் பஸ்ஸையே மெட்ரோ மாதிரி ஓட்டினார்கள்: 1991 முதல் கண்ணாடிக் குழாய் வடிவ நிறுத்தங்கள், உள்ளே போகும்போதே டிக்கெட், பஸ்ஸின் தரையும் மேடையும் ஒரே உயரம் என்பதால் படி ஏறுகிற வேலையே இல்லை. அடுத்த வருடம் மூன்று பெட்டி கோத்த, 270 பேர் ஏறக்கூடிய பஸ்கள் வந்தன.

நம் ஊருடன் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் டைடல் பார்க் திறந்தது 2000இல். பிறகு வரிசையாகக் கண்ணாடிக் கட்டடங்கள், அடுக்குமாடிகள். அந்தச் சாலையில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழுந்தது இருபது வருடத்துக்கு மேல் கழித்து, நெரிசல் உச்சத்தில் இருக்கும்போது, இருக்கிற சாலையில் பாதியை அடைத்துக்கொண்டு.

குரிச்சிபாவில் இதையெல்லாம் முன்னின்று நடத்தியவர் ஜைமே லெர்னர், கட்டடக்கலைஞர், 1971இல் மேயரானவர், 2021இல் காலமானார். அவரைப் பற்றிய கதைகளில் எனக்குப் பிடித்தது 1972இல் நடந்தது. நகரத்தின் முக்கிய வியாபாரத் தெருவை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்ற முடிவு செய்தார். கடைக்காரர்கள் எதிர்ப்பார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள் என்று தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோர்ட்டு மூடியதும் ஆட்களை இறக்கி, 72 மணி நேரத்தில் தார் பெயர்த்து, கல் பாவி, பூச்செடி வைத்து முடித்துவிட்டார். திங்கட்கிழமை எல்லோரும் வந்து பார்த்தால் தெரு வேறு தெரு. கார்க்காரர்கள் சிலர் திரண்டு அதன் மேல் வண்டி ஓட்டிப் போவோம் என்று கிளம்பினார்கள். லெர்னர் போலீசைக் கூப்பிடவில்லை, தெரு நீளத்துக்குக் காகிதச் சுருளை விரித்து, குழந்தைகளை உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார். யார் ஏற்றுவார்கள்? வியாபாரம் கூடியதும் பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கள் தெருவையும் மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள்.

கதை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றை மறந்துவிடக்கூடாது. அது பிரேசிலில் ராணுவ ஆட்சிக் காலம், லெர்னர் அப்போது நியமிக்கப்பட்ட மேயர், ஓட்டு வாங்கி வந்தவர் அல்ல. அடுத்த தேர்தலைப் பற்றிக் கவலை இல்லாதவருக்கு வார இறுதியில் தெருவை மாற்றுவது கொஞ்சம் சுலபம்தான். அதோடு குரிச்சிபாவும் சொர்க்கம் அல்ல. ஏழைகள் விரல்களுக்கு வெளியே, பக்கத்து நகராட்சிகளில் ஆற்றோரமாகக் குவிந்தார்கள். கார்கள் பெருகிவிட்டன, பஸ்ஸில் கூட்டம் பழையபடி இல்லை. எலும்பு நன்றாக இருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களைச் சேர்த்து யோசிக்காவிட்டால் இதுதான் கதி.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவர்களிடம் நாம் அப்படியே காப்பியடிக்கலாம். வெள்ளம் வரும் ஆற்றோரத் தாழ்நிலங்களைக் கட்டடக்காரர்கள் கைவைப்பதற்கு முன்பே நகரம் எடுத்து, ஏரி வெட்டி, பூங்கா ஆக்கிவிட்டது. பரீகி பூங்கா 1972இல் வந்தது. மழைக்காலத்தில் ஏரி வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும், நடைபாதை முழுகும், வடிந்ததும் பழையபடி நடக்கலாம். புல் வெட்ட யந்திரம் வாங்காமல் ஆடு மேய்த்தார்கள். நாம் செய்தது நேர்மாறு. தியாகராய நகர் 1920களில் எழுந்தது லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியின் ஒரு பகுதியை வற்றவைத்து. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக்தான் இல்லை. மழைக்காலத்தில் சில நாள் திரும்ப வரும்.

கட்டியாகிவிட்டதே, இப்போது?

இவ்வளவும் கேட்டுவிட்டு, எங்கள் தெருவில் வீடெல்லாம் கட்டியாகிவிட்டதே, நாங்கள் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். வரிசை தப்பிப்போன ஊர்களுக்கு வழி அதிகம் இல்லை, செலவு அதிகம், ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. கொலம்பியாவின் மெடயீன் நகரத்தில் மலைச்சரிவெல்லாம் ஏழைகள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள், பஸ் ஏற வழியில்லை. 2004இல் அங்கே கேபிள் கார் விட்டார்கள், மலைக்கோயிலுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்காக அல்ல, வேலைக்குப் போகிறவர்களுக்காக, மெட்ரோ ரயிலோடு இணைத்து. இன்னொரு சரிவில் 2011இல் தெருவிலேயே நகரும் படிக்கட்டு வைத்தார்கள்.

தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டம் இன்னும் எளிமை. குடியிருப்பு மக்களே கூடி உட்கார்ந்து வீடுகளை அளந்து, இவர் இரண்டடி பின்னால் போனால், அவர் வீட்டை இந்தப் பக்கம் திருப்பினால் சந்து அகலமாகும் என்று தாங்களே வரைபடம் போட்டுக்கொள்வார்கள், அரசு நிறுவனம் கடனும் உதவியும் தரும். இந்த யோசனையின் தாத்தா ஒருவர் நம் பக்கமும் வந்திருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் 1915 வாக்கில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். அன்றைய பொறியாளர்கள் நெருக்கமான பகுதியின் நடுவில் ஸ்கேல் வைத்தது போல அகலச் சாலை போட்டு நூற்றுக்கணக்கான வீடுகளை இடிக்கச் சொல்வார்கள். கெடிஸ் சந்து சந்தாக நடந்து பார்த்து, இந்த இடிந்த வீட்டை எடுத்தால் போதும், இங்கே ஒரு மரம் வை, இந்தக் குளத்தைத் தூர்க்காதே என்று எழுதினார். அறுவைச் சிகிச்சை செய், ஆனால் உறுப்பைக் காப்பாற்று என்பது அவர் முறை. நூறு வருடமாகியும் நகராட்சிகளில் அது எடுபடவில்லை, ஸ்கேல்தான் எடுபடுகிறது.

நீங்கள் மனை வாங்கப் போகிறீர்கள் என்றால் சர்வே எண்ணை வைத்து அந்த இடம் பெருந்திட்டத்தில், அதாவது எங்கே என்ன கட்டலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் மாஸ்டர் பிளானில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள், பக்கத்தில் ஏரி, ஓடை, உபரிநீர்க் கால்வாய் இருந்தால் பழைய கிராம வரைபடத்தையும் பாருங்கள். சென்னையின் இரண்டாவது பெருந்திட்டம் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்தது தயாராகும்போது கருத்துக் கேட்பார்கள், பெரும்பாலும் நிலம் வாங்கி விற்கிறவர்கள்தான் கருத்துச் சொல்லப் போவார்கள், நாமும் போகலாம்.

நான் இந்தக் கட்டுரைக்காகப் பீரோவிலிருந்து எங்கள் மனைப்பிரிவின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்தேன். ஓரங்கள் பழுத்து, மடித்த இடத்தில் கிழிந்திருந்தது. அதில் எங்கள் தெருமுனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் 40 அடிச் சாலை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. ஒரு மினி பஸ் தாராளமாகப் போகலாம். சாயங்காலம் பையனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, இந்தப் பக்கத்துக் காம்பவுண்டு சுவரிலிருந்து அந்தப் பக்கத்துப் படிக்கட்டு வரைக்கும் அளந்தேன். 19 அடி.